இரண்டாவது அமுக்கு

கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் மோட்டார் ஓடும்போது கூப்பிட்டால் கேட்காது. அதனால் நடக்க முடியாத அப்பாவின் கட்டிலில் ஒரு பொத்தானும், நான் சோல்டரிங் செய்யும் மோட்டார் ரூமில் ஒரு விளக்கும் பொருத்தினேன். இரண்டு வகை ஃப்ளிப்-ஃப்ளாப் சிப் வாங்கியிருந்தேன். ஒன்றில், எத்தனை முறை அமுக்கினாலும் நான் வந்து அணைக்கும்வரை விளக்கு எரியும். மற்றதில், ஒருமுறை அமுக்கினால் எரியும். மறுபடி அமுக்கினால் அணையும். எந்த மடையனும் முதலாவதைத்தான் எடுத்திருப்பான். எனக்கு இரண்டாவதுதான் வேடிக்கையாக இருந்தது; அதையே மாட்டினேன்.

அன்று தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு மோட்டார் ரூமுக்கு வந்தபோது விளக்கு எரியவில்லை. சாவகாசமாகத்தான் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் வேட்டி நனைந்திருந்தது.

“நீ வரலைன்னு இன்னொருக்கா அமுக்குனேன் கண்ணு.”

அந்தச் சிப் அப்படித்தான் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

“அப்ப ஒருக்காத்தான் அமுக்கியிருக்கோணுமாட்ட இருக்குது,” என்றார். “என்ற தப்புதான்.”