இரண்டு ரிங்கில் நின்ற அழைப்பு

இந்த ஊரில் நல்ல கல்வீடு வைத்திருப்பவர்கள் ஆகஸ்ட் மாதம் வந்ததும் அதைப் பூட்டிவிட்டு ஒரு வண்டிக்குள் குடிபோகிறார்கள். காம்பர் என்று அதற்குப் பெயர். சிறிய லொறி அளவு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கழுவும் தொட்டி, கதவைச் சாத்தினால் முழங்கால் இடிக்கிற ஒரு கழிப்பறை. போன இடத்தில் கலனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள், ஒற்றை அடுப்பில் சமைக்கிறார்கள், மரத்துக்கு மரம் கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுகிறார்கள். இதற்கு விடுமுறை என்று பெயர். இதையே நாங்கள் செய்தபோது இடம்பெயர்வு என்று எழுதி நிவாரண அட்டை தந்தார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என் மனைவி செல்வியும் மகள் ஜெனியும் அதே நேரத்தில் இலங்கையில் மடுக்கோயிலடி அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறார்கள், அவர்களும் இப்படித்தான் கலனோடு வரிசையில் நிற்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் மன்னார்ப் பக்கத்து ஆள். இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் வியா மக்வேதா தெருவை ஒட்டிய ஒரு பழைய மாடி வீட்டில் வேலை. வீட்டுக்காரர் சிஞ்ஞோர் வின்சென்ஸோவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தூக்குவது, குளிப்பாட்டுவது, தள்ளுவண்டியில் வைத்து உலாத்துவது எல்லாம் என் பொறுப்பு. அவருடைய மனைவி சிஞ்ஞோரா ரொசாலியா. ஆள் கட்டை. ஓட்டுநர் இருக்கையில் தலையணை போட்டு ஏறி உட்கார்ந்துதான் காம்பரை ஓட்டுவார். கணவர் படுத்துவிட்டார் என்பதற்காக வண்டியை விற்கச் சொன்ன உறவினர் ஒருவரோடு அவர் இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கோடையில் பட்டணத்துச் சூடு நோயாளிக்கு ஆகாது என்று எங்களை ஏற்றிக்கொண்டு மடோனியே மலைக்குப் போய்விடுவார்.

மலையில் ஒரே குறை, கைத்தொலைபேசி வேலை செய்யாது. இங்கே அதைத் தெலெஃபோனினோ என்கிறார்கள். சிஞ்ஞோராவுக்கு அதை வாங்கிக் கொடுத்தவன் மிலானோவில் இருக்கும் ஒரே மகன் மார்கோ. அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. கதைக்க நேரமில்லாத நாளில் ஒரு ஸ்குவில்லோ தருகிறேன் என்று தாய்க்குச் சொல்லியிருந்தான். அதாவது தொலைபேசியை இரண்டு தரம் அடிக்கவிட்டு வைத்துவிடுவது. எடுக்கத் தேவையில்லை. ‘அம்மா, உன்னை நினைத்தேன்’ என்று அதற்கு அர்த்தமாம். அந்த வருடம் முழுக்க அவர் அந்த ஸ்குவில்லோவுக்காகக் காத்திருந்தார். ஒன்றும் வந்ததாக எனக்குத் தெரியாது. வண்டிக்குப் பூஸ்டர் பூட்டினால் மலையிலும் அலை பிடிக்கும் என்று யாரோ சொல்ல, ஜூலைக் கடைசியில் காம்பரைப் பலேர்மோவிலேயே சீசா என்ற பகுதிக்குக் கொண்டுபோனோம்.

சீசாவில்தான் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இருக்கிறார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயுள்ள ஓர் அறைக்குத்தான் போவேன். அங்கே வாகன மின்வேலை செய்யும் சால்வோ என்பவரின் கடை. ஒடுங்கிய தெருவில் காம்பர் நின்றதும் பின்னால் பஸ் ஒன்று வந்து கத்தத் தொடங்கியது. சால்வோ அதைப் பொருட்படுத்தாமல் கூரையில் ஏறினார். கூரை ஃபைபர், ஆகவே அன்டெனாவுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு வேண்டும் என்று ஒட்டினார். துளை போட்டு, மழை இறங்காமல் பசை பூசி, வயரை உள்ளே இறக்கினார். அதை அலமாரிக்குப் பின்னால் இழுத்து எடுப்பது என் வேலை. கட்டிலுக்குக் கீழே இருந்த இரண்டாவது பட்டறியிலிருந்து மின்சாரம் எடுத்து, சவர்க்காரப் பெட்டி அளவில் இருந்த பூஸ்டருக்குக் கொடுத்தார். கடைசியாக அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாங்கியைப் பூட்டினார். தொலைபேசியை அந்தத் தாங்கியில் செருகினால்தான் அன்டெனாவோடு தொடுபடும். கழற்றிக் கையில் எடுத்தால் பூஸ்டர் இருந்தும் இல்லாதது மாதிரித்தான்.

யாரோடு கதைக்கப் போகிறாய் என்று சால்வோ என்னைக் கேட்டார். இலங்கையில் இருக்கும் மனைவியோடு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அன்டெனா அவ்வளவு தூரம் போகாது, பக்கத்து மலையில் இருக்கும் கோபுரம் வரைக்கும்தான் போகும் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அது எனக்கும் தெரியும். என்னிடம் இருந்த கேள்வி வேறு. அதைக் கேட்க என் இத்தாலியன் போதவில்லை. கோபுரமே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கையைக் காட்டி ஒருமாதிரிக் கேட்டேன். அவர் மலையைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சமாவது இருந்தால் அதைப் பெரிதாக்கித் தரும், ஒன்றுமே இல்லையென்றால் ஒன்றுமில்லை என்றார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நான் கேட்டது செல்வி இருக்கும் வன்னியைப் பற்றி. சண்டையில் ஒரு கம்பமும் வயரும் மிஞ்சாத அந்தப் பக்கத்துக்கு இந்தப் பெட்டியால் என்ன செய்ய முடியும்?

எனக்கு அந்த ஆகஸ்டில் ஏன் தொலைபேசி அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அலைந்து அலைந்து, ஒருவழியாக நுல்லா ஒஸ்தா என்கிற அனுமதிப் பத்திரம் கிடைத்திருந்தது. தவணை முடிவதற்குள் செல்வி பிள்ளையோடு கொழும்புக்கு வந்து விசாவுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஆனால் செல்வியின் தகப்பன் நடக்க மாட்டார். அவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு வரவும் முடியாது, கொண்டுவரவும் முடியாது. முந்திய கடிதத்தில் ‘யோசிக்கிறன்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். பிறகு ஒரு பாதர் மூலம் செய்தி வந்தது. மாதா பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை இராணுவத்திடம் ஒருநாள் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வருவாளாம், கொமினிக்கேசன் என்கிற தொலைபேசிக் கடையிலிருந்து முடிவு சொல்வாளாம். கடையின் எண்ணும் அதோடு வந்தது. சிஞ்ஞோராவின் தொலைபேசி எண்ணை நானும் பாதர் மூலமே அவளுக்கு அனுப்பினேன். வருகிறேன் என்பாளா, வரவில்லை என்பாளா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டில் எதுவானாலும் அவள் குரலில் கேட்கவேண்டும் என்று இருந்தது. கடைசியாகக் கேட்டபோது ஜெனிக்குப் பல் முளைத்திருக்கவில்லை.

வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கும் முறை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அங்கிருந்து இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிடுவார்கள். அதைக் கேட்டதும் இங்கிருப்பவர் கடைக்குத் திருப்பி எடுப்பார். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அங்கே நிற்பவரின் தலையில் செலவு விழுந்துவிடும். ஆகவே நான் சிஞ்ஞோராவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்: வெள்ளிக்கிழமை என் மனைவி அழைப்பாள், மணி அடித்தால் எடுக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். அவர் நெஞ்சில் கைவைத்துச் சரி என்றார். இரண்டு ரிங்கில் நின்றுவிடும் என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசி என்றால் உலகம் முழுக்க அப்படித்தான் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலும்.

அந்த வெள்ளிக்கிழமை மலையில் விடிந்ததும் தாங்கியில் இருந்த தொலைபேசியைப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. பெட்டியின் சிறு விளக்குப் பச்சையாக எரிந்தது. சிஞ்ஞோருக்குக் காலையில் கால் வீங்கும், உலாத்தியே ஆகவேண்டும். தூரம் போகாமல் ஊற்றடி மரங்களுக்குக் கீழே அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். சிஞ்ஞோரா வண்டிக்குள் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வாசற்படியில் நின்று கையை ஆட்டினார். தள்ளுவண்டியை ஓட்டமாகத் தள்ளினேன். கிட்டப் போனபோது கண்ணில் தண்ணீர் நிற்கச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“மார்கோ ஸ்குவில்லோ தந்தான், அந்தோனியோ. என்னை நினைத்திருக்கிறான்.”

எத்தனை தரம் அடித்தது என்று கேட்டேன். இரண்டு என்றார். எண் ஏதும் விழுந்ததா என்று கேட்டேன். இல்லையாம். மகனின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து எடுத்தாலும் திரையில் எண் விழுவதில்லையாம். கணவரின் செத்துப்போன கையைப் பிடித்து, ‘கேட்டீர்களா, பிள்ளை நினைத்திருக்கிறான்’ என்று அதையே திரும்பச் சொன்னார். நான் சிஞ்ஞோரைக் கட்டிலில் கிடத்தி, தலையணை சரிசெய்து, ஒரு அழைப்பு எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு வவுனியாவுக்கு அடித்தேன். உடனே கிடைக்கவில்லை. அடித்து அடித்து, மதியம் திரும்பிய பிறகுதான் கடைக்காரரின் குரல் கேட்டது. சால்வோவின் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. பக்கத்து அறையில் நின்று கதைப்பது போல இருந்தது.

“ஓம் அண்ணை, மடுவிலையிருந்து ஒரு அக்கா வந்தவ. பிள்ளையும் கூட. ரிங் குடுத்துப்போட்டு இதிலை வாங்கிலை குந்திக் காத்துக்கொண்டு இருந்தவ. இன்னொருக்கா அடிச்சுப் பாக்கட்டோ எண்டு கேட்டனான். வேண்டாமாம். அது அவர் வேலை செய்யிற வீட்டு போனாம், அங்கையிருக்கிறவைக்குக் கரைச்சலாம்.”

ஏதாவது சொல்லச் சொன்னாளா என்று கேட்டேன்.

“இல்லை அண்ணை. ஆரிட்டையும் சொல்லி அனுப்பிற விசயமில்லை எண்டு சொன்னவ. வான் வெளிக்கிடுது எண்டு ஆக்கள் கூப்பிட எழும்பிப் போட்டா. பிள்ளைதான் போனைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போச்சுது.”

நான் வெளியே வந்து ஊற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். யாரும் பார்க்காத இடம் அதுதான். நன்றாக அழுதேன். செல்வி மேல் கோபம் வந்தது, இன்னொரு தரம் அடித்தால் என்ன குறைந்துவிடும் என்று. பிறகு அவள் மேல் ஏன் கோபிக்கிறேன் என்று அதற்கும் சேர்த்து அழுதேன். சிஞ்ஞோராவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் மகன் நினைக்கவில்லை, அது எனக்கு வந்தது என்று எந்த வாயால் சொல்வது? அன்று சாயங்காலம் பக்கத்துக் காம்பர்களில் இருந்த பெண்களுக்கெல்லாம் மார்கோவின் ஸ்குவில்லோவை அவர் சொல்லி முடித்திருந்தார். பாண் விற்க வந்தவளுக்கும் சொன்னார்.

ஆகஸ்ட் பதினைந்து இவர்களுக்கு ஃபெர்ரகோஸ்தோ. இறைச்சி சுடுவார்கள், குடிப்பார்கள். தேவமாதா விண்ணேற்ற நாள் என்பது பூசைக்குப் போகும் சிலருக்குத்தான் ஞாபகம். எங்களுக்கு அது மடுமாதா பெருநாள். சிறுவயதில் வண்டில் கட்டிக்கொண்டு போய்க் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குவோம். இப்போது அதே காட்டில் பெருநாள் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் சனம் இருக்கிறது. நான் மலையில் புகைக்கு நடுவே நின்று மனதுக்குள் மாதாவிடம் செல்வியை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. இரண்டு ரிங்கில் நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. மார்கோதான். நாள் வாழ்த்துச் சொல்ல எடுத்திருந்தான்.

சிஞ்ஞோரா தாங்கியோடு கன்னத்தைச் சேர்த்துவைத்துக் கதைத்தார். வெள்ளிக்கிழமை ஸ்குவில்லோவுக்கு நன்றி சொன்னது எனக்கு வெளியே கேட்டது. பிறகு, ‘அப்படியானால் அது நீ இல்லையா?’ என்று கேட்டதும் கேட்டது. நான் இறைச்சி சுட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். படியிறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

“வெள்ளிக்கிழமை அடித்தது உன் மனைவியா?”

இல்லை என்று சொல்வதற்கு அந்தச் சில நாட்களாக ஆயத்தமாக இருந்தேன். வாயில் வந்ததோ தமிழில் ஒரு “ஓம்”தான். அவருக்கு அது விளங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்றேன். அவர் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. என் கையிலிருந்த தட்டை வாங்கித் துடைத்தார். எல்லாத் தட்டையும் துடைத்து முடித்த பிறகு, அடுத்த தடவை ஒரு ரிங்கிலேயே நான் எடுப்பேன், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உன் மொழியில் சொல்லித்தா என்றார்.

“செல்வி, நில்லுங்கோ. அவர் வாறார்.”

அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தக்காளி வெட்டும்போதும் காம்பர் ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்தார். ‘வாறார்’ என்பதில் வரும் எழுத்தை எங்களைவிட அழுத்தி உருட்டுவார். சிஞ்ஞோர்கூட விழாத பக்கத்து வாயால் சிரித்தார்.

அழைப்பு வரவில்லை. பாதை மூடிவிட்டது, பாஸ் கொடுப்பதில்லை என்று பாதர் பிறகு அறிவித்தார். நுல்லா ஒஸ்தாவின் தவணையும் முடிந்தது. செல்வி அன்று வவுனியாவுக்கு ஒரு முடிவோடுதான் வந்திருப்பாள். எந்த முடிவு என்று எனக்கு இன்னும் தெரியாது. பெருநாள் படம் ஒன்றின் பின்னால் ‘நாங்கள் சுகம்’ என்று எழுதி அனுப்பியது மட்டும் மார்கழியில் வந்து சேர்ந்தது.

இப்போது குளிர்காலம். தொலைபேசி வியா மக்வேதா வீட்டு அடுப்படியில் இருக்கிறது. இங்கே அன்டெனா எதுவும் தேவையில்லை, கோடுகள் எப்போதும் நிறைந்தே இருக்கும். அது அடித்தால் சிஞ்ஞோரா ஈரக் கையோடு ஓடிப்போய் எடுப்பார். யாரென்று கேட்பதற்கு முதலே அந்தத் தமிழைச் சொல்லிவிடுவார். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை பயந்துபோய் வைத்துவிட்டாராம். நேற்றும் அடித்தது. நான் சிஞ்ஞோருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தியை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்து நின்றேன். “செல்வி, நில்லுங்கோ. அவர் வாறார்” என்றவர் அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். முகம் வாடிப்போனது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“அவள் இல்லை, அந்தோனியோ. மார்கோதான்.”