பிரேக்கில் ஏறிய தண்ணீர்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பன்னிரண்டு வருஷம் பிக்கப் வேன் ஓட்டினேன். புது வண்டி வந்ததும் முதலாளி எல்லார் முன்னாலும், "நீயும் அந்த ஓட்டை வண்டியும் ஒண்ணா காயலாங்கடைக்குப் போங்கலே" என்றார். கடை ஆட்கள் சிரித்தார்கள்.

அந்த வண்டியையே காயலாங்கடையில் வாங்கினேன். ஈக்காட்டுத்தாங்கலில் மச்சான் பட்டறையில் ஒன்பது மாதம் இஞ்சினைப் பிரித்துப் பூட்டி, தகரம் தட்டி, பெயிண்ட் அடித்தேன். முதலாளி கண் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேறு நினைப்பே இல்லை.

கிளம்பிய அன்று வழியெல்லாம் தூசி. கடைக்கு முந்தின தெருக் குழாயில் சக்கரத்துக்குள்ளெல்லாம் வாளி வாளியாக ஊற்றிக் கழுவி, ஈரத்தோடு எடுத்தேன். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் போனால் பிரேக் பிடிக்காது. தெரிந்தவன்தான். அவசரத்தில் மறந்தேன்.

முதலாளி வாசலில் நின்றார். வேகமாகப் போய் அவர் முன்னால் மிதித்தேன். நிற்கவில்லை. நேராக அவர் மேல் போனது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். படியில் மோதி நின்றது. அவர் பதறி விலகி, ஒரு முழம் தள்ளி விழுந்து கிடந்தார்.

"கொல்லவாலே வந்தே?"

"இல்ல மொதலாளி, பிரேக் புடிக்கல."

பக்கத்துப் பூக்காரம்மா, "பழி வாங்க வந்துகினு பிரேக் மேல பழி போடுறியா நைனா?" என்றாள்.

இப்போது வண்டி கழுவினால், பிரேக்கை லேசாக மிதித்தபடி மெதுவாக ஓட்டி, ஈரம் காய்ந்த பிறகே ரோட்டுக்கு வருகிறேன். டிரைவர்கள் எல்லாரும் அப்படிச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் கழுவிய வண்டியோடு முதலாளி கடை வழியாகத்தான் போகிறேன். என் வண்டி ஹாரன் கேட்டால் அவர் உள்ளே போய்விடுகிறார்.