ஒச்சாயி அக்காவின் கண்ணாடி

தட்டுக்கு ஐந்து மூடி. ஐந்தாவது முடிந்ததும் ஒச்சாயி அக்கா புறங்கையால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அடுத்த தட்டை இழுப்பார். குழாய் மூடிக்குள் ரப்பர் வளையத்தை வைத்து லேசாகத் திருகுவார். அது சொன்னபடி உட்காரும். பேரையூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பதினோரு வருடமாக அதே நாற்காலியில் இதே வேலை. முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த நாற்காலி பெரிய விஷயம்.

அதற்கு உலை வைக்க வந்த இன்ஜினியர் நான்தான். புனேயில் மூன்று நாள் பயிற்சி, சட்டம் போட்ட சான்றிதழ், ஒரு ரோபோக் கை. ஆளோடு சேர்ந்து உழைக்கும் கை என்று முதலாளிக்கு இருபத்திரண்டு படம் போட்டு விளக்கினேன். அது தேறினால் அக்கா பேக்கிங்குக்குப் போக வேண்டும், அங்கே நாள் முழுக்க நின்றே வேலை. அந்தப் படத்தை மட்டும் போடவில்லை.

ரோபோவின் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை செய்துகாட்டினால் அப்படியே கற்றுக்கொள்ளும். நான் காட்டினேன். நூறு வளையங்களை நசுக்கியது. நல்ல மாணவன், வாத்தியார்தான் சரியில்லை.

"அமுக்குனா போகாது தம்பி. அது அசந்த நேரமாப் பாத்துத் திருகணும்" என்றார் அக்கா.

அசந்த நேரத்தை எந்த மெனுவில் தேடுவது என்று தெரியாமல், அவரையே ஒரு தட்டு காட்டச் சொன்னேன். பிறகு பெருமையாக ஓடவிட்டேன். ஐந்து வளையமும் கச்சிதம். உடனே ரோபோ கையை உயர்த்தி, இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டு அடுத்த தட்டுக்கு வந்தது.

"சாரு, இத கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான் பக்கத்து மெஷின் அழகுபாண்டி.

அந்த ஒரு கைத்தூக்கலால் மணிக்கு முடியும் மூடிகளின் எண்ணிக்கை குறைந்தது. மறுநாள் காலை முதலாளி பார்க்க வருகிறார். தேறாவிட்டால் ரோபோ திரும்பிப் போகும், கூடவே நானும். அந்த அசைவை மட்டும் அழிக்கப்போய் முழுப் பாடத்தையும் அழித்தேன். பயிற்சியில் நான் தூங்கியது அந்த இடத்தில்தான் போலிருக்கிறது.

மறுபடி அக்காவின் முன்னால் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. "அக்கா, இது தேறிருச்சுன்னா உங்க நாற்காலி போயிரும்" என்று அப்போதுதான் சொல்ல வாய் வந்தது.

"அது நீங்க இதக் கொண்டாந்த அன்னைக்கே தெரியும். வளையத்த எடுத்து வைங்க தம்பி."

"கண்ணாடி..." என்று இழுத்தேன்.

"கண்ணு எதுக்கு, கை பாத்துக்கிரும்" என்றவர், கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ரோபோவின் மணிக்கட்டைப் பிடித்தார்.