இடது இறக்கையைக் கெடுத்தவள்

நான் குத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹோ குழந்தைக்குப் பெயர் வைப்போ வந்தால் போதும், பிரியாணிச் சட்டி அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் யாராவது ஒருவர் புதிதாக வந்த மருமகளிடம் என்னைக் காட்டி, “இவதான் அன்னைக்குச் சாச்சாவோட பிளேனை ஊக்கால குத்தினவ” என்று அறிமுகம் செய்துவிடுவார். நான் இருபது வருடமாகக் கணக்கு டீச்சர். என் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. அதெல்லாம் யாருக்கும் கணக்கில் இல்லை. ஊக்கு மட்டும்தான் கணக்கில் இருக்கிறது.

வாப்பாவின் தம்பியைத்தான் நாங்கள் சாச்சா என்போம். ஷார்ஜாவில் ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால், கல்யாணம் முடிப்பதற்காகத் தென்காசிக்கு லீவில் வந்தார். வளைகுடாவிலிருந்து வந்தவரின் பெட்டியைத் திறப்பதென்றால் அந்தக் காலத்தில் தெருவே கூடும். எனக்குக் கவுன் தைக்க நல்ல வெள்ளைத் துணி கொண்டு வருவதாக அவர் சொல்லி அனுப்பியிருந்ததால் நான்தான் முன்வரிசை. பெட்டிக்குள் வெள்ளைத் துணி இருக்கத்தான் செய்தது. மின்னியது, வழுக்கியது. நான் அதை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிவிட்டு வந்தேன்.

அது கண்ணாடித்துணி. கண்ணாடியை நூலாக இழுத்து நெய்தது, படகுக்கு ஒட்டுவது. அன்று பிடித்த அரிப்பு மூன்று நாள் விடவில்லை. உம்மா தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, “பாத்துச் சுத்தணும்ட்டி” என்றாள். கொண்டுவந்தவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்பது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

துணி எதற்கென்றால், விமானத்துக்கு. சாச்சாவின் பட்டறையில் ஒரு வெள்ளைக்கார மேலாளர் இருந்தாராம். வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்துக்குப் போய், எஞ்சின் இல்லாத சின்ன விமானத்தை நூலில் கட்டி, பட்டம் போல இழுத்துக்கொண்டு ஓடுவாராம். மேலே போனதும் நூல் கழன்றுவிடும், விமானம் தன்பாட்டுக்கு மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த சாச்சாவுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கல்யாணப் பெண்கூட அவ்வளவாகப் படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். “பட்டம் விடுத வயசாலே உனக்கு?” என்று வாப்பா கேட்டதற்கு, “பட்டம் இல்லண்ணே, கிளைடரு” என்று பதில் சொன்னார், அதோடு எல்லாம் சரியாகிவிட்டது போல.

கல்யாணத்தில் மிஞ்சியதெல்லாம் அந்த விமானத்துக்குப் போனது. மேடையில் மணமக்கள் பெயர் வெட்டிய தெர்மோகோலை இறக்கை வடிவத்தில் அறுத்தார். வடகரையிலிருந்து பெண்வீட்டுச் சீராக வந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையை உருவி, நீளப் பை ஆக்கினார். குற்றாலத்தில் ஒரு கூல்டிரிங்ஸ் கடை தூக்கிப் போட்ட ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரை மட்டும் வெளியே வாங்கினார். ஃபிரிட்ஜில் வாயுவை உறிஞ்சும் அந்த உருண்டை, பையிலிருந்து காற்றை உறிஞ்சாதா என்பது அவர் கணக்கு. உறிஞ்சத்தான் செய்தது.

வேலை இப்படி நடக்கும். தெர்மோகோல் மேல் ரெசின் என்ற பசையில் நனைத்த கண்ணாடித்துணியைப் போர்த்துவார். அதன்மேல் மெழுகு தடவிய பழைய எக்ஸ்ரே படங்கள், வழவழப்பு வருவதற்காக. வாப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே அத்தனையும் அதற்குப் போயிற்று. அதன்மேல் ஒரு ஈரிழைத் துண்டு. எல்லாவற்றையும் பைக்குள் தள்ளி, வாயை மூடி, ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சினால், பை சுருங்கி இறக்கையை நாலா பக்கமும் ஒரே சீராக இறுக்கிப் பிடிக்கும். அப்படியே பொழுது சாயும்வரை விட்டால் ரெசின் இறுகித் துணியும் தெர்மோகோலும் ஒன்றாகிவிடும். நடுவில் காற்று உள்ளே போனால் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். ரெசின் பாதி இறுகிய நேரத்தில் எழும்பியது பிறகு படியாது. அந்த இறக்கை குப்பைக்குத்தான்.

பையின் வாயை எதைக்கொண்டு அடைப்பது என்பதில் சாச்சா தவித்துப்போனார். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கு வெடித்தது. மெழுகு விட்டுப்போனது. கடைசியில் உம்மா பரோட்டாவுக்கு எண்ணெய் விட்டுப் பிசைந்து வைத்திருந்த மைதா மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளி ஒட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுக் காற்று போகவில்லை. செங்கோட்டைச் சாலையில் அத்தனை பேர் பரோட்டா தின்கிறார்கள், ஒருவருக்காவது இது தோன்றியிருக்குமா என்று அன்று முழுக்கப் பெருமையடித்தார். மாவை நீளமாகத் திரித்து, பையின் வாயிலும் குழாய் நுழையும் மூலையிலும் ஒட்டி, எண்ணெய் தொட்ட கரண்டியின் முதுகால் ஒரு தடம் இல்லாமல் தேய்த்துவிடுவார்.

எங்காவது கசிந்தால் கண்டுபிடிப்பது என் வேலை. கம்ப்ரஸரின் இரைச்சலுக்கு நடுவிலும் ஸ்ஸ் என்ற மெல்லிய சத்தம் எனக்குக் கேட்கும், வேறு யாருக்கும் கேட்காது. பையின் விளிம்போடு காதை வைத்துக்கொண்டே போய், “இங்கன” என்று விரலை வைப்பேன். “ஏட்டி, உனக்குப் பாம்புக் காது” என்பார் சாச்சா. விமானத்தை முதல் தடவை பறக்கவிடும்போது நூலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் நான்தான் என்று வாக்கும் கொடுத்திருந்தார். ஒரு பிழை இல்லாமல் வலது இறக்கை முடிந்து ஆணியில் தொங்கியது. இனி இடது மட்டும்தான்.

சாச்சாவின் லீவு ஏற்கனவே முடியும் தறுவாயில் இருந்தது. வாப்பா ஒரு நாள் சாப்பாட்டின்போது நேரடியாகவே கேட்டுவிட்டார்.

“எப்பம்லே டிக்கெட் போடுத?”

“எடது றெக்கை முடியட்டும்ண்ணே. ஒரு தடவை பறக்க விட்டுட்டு மறுநாளே போட்டுருதேன்.”

சாச்சாவின் புதுப்பெண்டாட்டி, எங்கள் சாச்சி, அப்போது கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டாள். மருதாணி வைத்த நீளமான நகங்கள் அவளுக்கு. “இந்த நகத்தோட எப்படி மாவு பிசையச் சொல்ல” என்று உம்மா அவளை மாவுப் பக்கமே விடமாட்டாள். எனக்கோ நகம் என்பதே கிடையாது. கடித்துக் கடித்துச் சதையோடு ஒட்டியிருக்கும். அதற்காக உம்மா என் விரலில் வேப்பெண்ணெய் தடவிவிட்ட காலம் அது. இந்த விவரத்தை மறந்துவிடாதீர்கள், எங்கள் வீட்டார் மறந்துவிட்டார்கள்.

இடது இறக்கையைப் பைக்குள் போட்ட அன்று, சொல்லாமல் கொள்ளாமல் சாச்சியின் வீட்டார் வடகரையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு அருவிக்குப் போக வந்து நின்றார்கள். புதுமாப்பிள்ளை கூடப் போகாமல் முடியாது. உம்மா, வாப்பா, என் தம்பி, எல்லாரும் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த சீசனில் முதல் தண்ணீர் அது. நானும் எண்ணெய் வைத்தாயிற்று.

“நீ இருட்டி” என்றார் சாச்சா. “மோட்டாரைப் பாத்துக்கிடணும். கரண்டு போச்சுன்னா குழாயை மடிச்சுக் கிளிப்பைப் போட்ரு. உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?”

எண்ணெய் வழியும் தலையோடு, நான் உட்கார்ந்தேன். கவுனின் பின்பக்கக் கொக்கி அறுந்துபோய் உம்மா ஊக்கு குத்திவிட்டிருந்தாள். ஊக்கு என் முதுகில் இருந்தது. பையோ எனக்கு முன்னால் இருந்தது. இதையும் யாரும் யோசித்ததில்லை.

சாச்சி தலைவலி என்று சொல்லி அருவிக்குப் போகவில்லை. உச்சிப்பொழுதில் மெதுவாக வந்து என் பக்கத்தில் குந்தினாள். பையைத் தொடாமல் பார்த்தாள்.

“இது எப்பம் காயும்?”

“மஃரிபு தொழுகைக்குள்ள காஞ்சிரும் சாச்சி.”

“காஞ்சிட்டா உங்க சாச்சா போயிருவாவளா?”

“ஆமா. பறக்க விட்டுட்டுப் போயிருவாவ. நான்தான் நூலைப் பிடிப்பேன்.”

 சாச்சி என்னைப் பக்கத்து வீட்டில் கொஞ்சம் உறைமோர் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். மோட்டாரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். போனேன். பக்கத்து வீட்டு மாமி லேசில் விடுகிறவள் இல்லை. வடகரையிலிருந்து யார் யார் வந்தார்கள், வேனுக்கு யார் கொடுத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் மோரை ஊற்றினாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உறை ஊற்றுவதற்குப் பாலே இல்லை என்பது அந்தக் கிண்ணத்தை அடுப்படியில் வைத்தபோதுதான் தெரிந்தது.

கூடத்துக்குள் நுழையும்போதே மோட்டாரின் சத்தம் மாறியிருந்தது. பை தொளதொளவென்று கிடந்தது. காதை வைத்துத் தேட வேண்டிய தேவையே இல்லை. குழாய் நுழையும் மூலையில் மாவு எழும்பி நின்றது. அழுத்தி ஒட்டினேன். பை மறுபடி சுருங்கியது, ஆனால் உள்ளே துணி கொப்புளமாக எழும்பி அப்படியே நின்றுவிட்டது. சாச்சி அறைக்குள் படுத்திருந்தாள். தலைவலி அதிகமாகிவிட்டதாம்.

சிவந்த கண்களும் ஈரத் தலையுமாக, ரம்புட்டான் பையோடு எல்லாரும் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை விசாரணை என்று சொன்னால் விசாரணைக்கே அவமானம்.

“எந்திரிச்சுப் போனியா?” என்றார் வாப்பா.

“சாச்சிதான் உறைமோர் வாங்கச் சொன்னாவ.”

எல்லாரும் சாச்சியைப் பார்த்தார்கள். சாச்சி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் கேட்டேன்தான். ஆனா இவ உடனே வந்துட்டாளே” என்றாள்.

உடனே! பக்கத்து வீட்டு மாமி என்னைப் பிடித்துவைத்திருந்த நேரத்தில் வேன் இரண்டாம் முறை அருவிக்குப் போய் வந்திருக்கலாம். அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ என் முதுகில் இருந்த ஊக்கைப் பார்த்துவிட்டார்கள்.

சாச்சா மட்டும் பையின் முன்னால் குனிந்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன், அவராவது கண்டுபிடித்துவிடுவார் என்று. நான் திரும்ப ஒட்டிய மாவில் என் விரல் தடங்கள் மொட்டை மொட்டையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, எழும்பிய ஓரத்தில், பிறை போல ஆழமாக ஒரு நகத்தடம். நான் பார்த்தேன். சாச்சாவும் பார்த்தார். நிமிர்ந்து, அறை வாசலில் நின்ற சாச்சியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் பெருவிரலை அந்தப் பிறையின் மேல் வைத்து நன்றாகத் தேய்த்தார்.

“ஊக்குதான் பட்டிருக்கும்” என்றார்.

வாப்பாவின் அறை என் இடது கன்னத்தில் விழுந்தது. இரண்டு நாள் அந்தக் காதில்தான் ஸ்ஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் சாச்சா லீவை நீட்டச் சொல்லித் தந்தி கொடுத்தார். இடது இறக்கைக்காக, என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். என்னால்தான் அவர் பிழைப்புக் கெடுகிறது என்றும் பேசிக்கொண்டார்கள். சரி, என் மேல் விழுந்த பழியை இன்னொரு இறக்கை செய்தாவது போக்கிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். துணி மீதி இருந்தது. ரெசின் இருந்தது. தெர்மோகோல்கூட இருந்தது. சாச்சா ஒருநாள் அந்தத் துணியையும் ரெசினையும் எடுத்துக்கொண்டு போய், கொல்லையில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டிவிட்டு வந்தார். பார்த்துக்கொண்டே நின்ற எனக்குக் கண் முட்டிவிட்டது.

“சாச்சா, றெக்கை?”

“செய்யலாம்ட்டி. இப்பம் என்ன அவசரம்?”

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துத்தான் ஷார்ஜாவுக்குப் போனார். அதுவரை அந்தக் கம்ப்ரஸரை அவர் தொடவே இல்லை.

அந்தப் பிறையை நான் கூட்டிக் கழித்துப் பார்த்ததெல்லாம் எனக்கே கல்யாணமாகி, என் வீட்டுக்காரரும் ரியாத்துக்கு விமானம் ஏறிய பிறகுதான். போன வருடம் ஒரு நிக்காஹ் வீட்டில் வழக்கம்போல ஊக்குப் பேச்சு எழும்பியபோது, சாச்சியை ஓரமாக இழுத்து நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவளுக்கு இப்போது நகமும் இல்லை, மருதாணியும் இல்லை. “தெரியும்லட்டி, பெறவு என்னத்துக்குக் கேக்க” என்றாள். என் தட்டில் இன்னொரு துண்டு அல்வாவை வைத்தாள். பிறகு எல்லாரோடும் போய் உட்கார்ந்து, அவர்கள் என் ஊக்கைப் பற்றிச் சிரித்தபோது அவளும் சிரித்தாள். எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஆனால் எனக்கு அதிகம் கோபம் வருவது வேறொன்றை நினைத்துத்தான். தொட்டிக்குத் துணி ஒட்டிய அன்று சாயங்காலம், கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்ப்போம் என்று சாச்சாவைத் தேடி மாடிக்கு ஏறினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சாச்சாவும் சாச்சியும் கைப்பிடிச் சுவரோரம் நனைந்துகொண்டு நின்றார்கள். சாச்சா அவள் கையைப் பிடித்து, பெருவிரல் நகத்தைத் தன் உள்ளங்கையில் அழுத்திக் காட்டி ஏதோ சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அறை வாங்கிய என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு இறங்கிவிட்டேன்.