சவுக்குத் தோப்பில் ஒரு ராத்தங்கல்

வெயிலில் காய்ந்த தார்ப்பாய்ப் "படுதா"வின் வாடையோடு கருவாட்டு வாடையும் கலந்து முகத்தில் அறைந்தபோதுதான், கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. திருமழபாடியில் கொள்ளிடத்தில் குளிக்கப் போன இடத்தில், அப்பா கரையில் துணி பிழிந்துகொண்டிருக்கையிலேயே என் தம்பியைச் சுழல் இழுத்துக்கொண்டது; காரியம் முடிந்த கையோடு அப்பா யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். வேதாரண்யம் பக்கம் படகுக்காரர்களிடம் வேலை செய்வதைப் பார்த்ததாக ஒருவர் சொல்ல, அம்மாவின் தம்பியான மாமா வரதராஜன்பேட்டையிலிருந்து தன் "குட்டியானை" சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் அம்மா, பின்னால் அடுப்பு, அரிசி, படுதாவோடு நான்.

ஒருபுறம் உப்பளங்கள் வெள்ளையாக மின்ன, மறுபுறம் தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்த அவ்வளவு அழகான சாலையில், அம்மா பார்த்ததெல்லாம் எதிரே வந்த ஆண்களின் முகங்களை மட்டும்தான். ஒவ்வொரு குப்பத்திலும் இறங்கி அப்பாவின் போட்டோவைக் காட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு மீன்காரம்மா கைநீட்டிய குடிசையில், வலைக் குவியல்மேல் தாடியும் மீசையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வூட்டுக்கு வர்றது?" என்றார்.

"இருக்குற மூஞ்சிய வச்சிக்கிட்டு வாங்க," என்றாள் அம்மா. "ஒருத்தன ஆத்துக்குக் குடுத்துட்டேன். உங்களக் கடலுக்குக் குடுக்கணுமா?"

அவர் எழவில்லை. பக்கத்துச் சவுக்குத் தோப்பில் படுதாவைக் கட்டி, மணல் விழுந்த சோற்றைப் பொங்கி, அவருக்கும் கொண்டுபோய் வைத்தோம். விடிந்து பார்த்தபோது தட்டு அப்படியே இருந்தது. மாமா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அப்பா வலைச் சிக்கலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். அம்மா வண்டியில் ஏறி, "எடுடா" என்றாள். மாமா தயங்கினார். "எடுன்னு சொல்றேன்ல!"

வண்டி நகர்ந்தது. பின்கதவைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று அலறினேன். குடிசை வாசலுக்கு வந்து நின்றவர் சிறுத்துக்கொண்டே போனார். தொண்டை கட்டிச் சத்தமே வராமல் போன பிறகுதான் அவர் ஓடிவருவதைப் பார்த்தேன். மணலில் விழுந்தார், எழுந்தார், கைலி தடுக்கி மறுபடியும் விழுந்தார். மாமா நிறுத்தியதும் ஏறியவர், ஊர் வரும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தத் தோப்பைப் பிறகு புயல் சாய்த்துவிட்டது, குடிசைகளும் இல்லை. அப்பாவும் காலமாகிவிட்டார். சென்ற வாரம் அம்மாவிடம், அன்றைக்கு அவர் வராமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"எறங்கிப் போயி அவரு பக்கத்துலயே உக்காந்திருப்பேன்," என்றாள்.

என்னை என்ன செய்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை.