சுகியின் கை நனையாத நாள்

ஸ்டெல்லா இறந்த செய்தி பாடசாலை இடைவேளையில் வந்தது. தன்னாமுனையிலிருந்து அவளுடைய தம்பி போனில் பேசினார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், விடியப்புறம் முடிந்துவிட்டது, நாளை பின்னேரம் அடக்கம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் அது அடங்கவில்லை. அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடக்கத்தில் பேசிய எல்லாரும் அவளைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். ஸ்டெல்லாவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது உங்களுக்குத் தெரியாதா? சுனாமிக்கு அடுத்த வருடம், வாவிக்கரையில் இருந்த ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் நாங்கள் விசேட கல்வி டிப்ளோமாவுக்குச் சேர்ந்தோம். அவள் கத்தோலிக்கப் பெண், நான் ஆரையம்பதிச் சைவப் பெண். முதல் வாரம் விரிவுரை எடுத்த சிஸ்டர், இந்தப் பிள்ளைகளுக்கு அன்பு ஒன்றே போதும் என்றார். பின்வரிசையில் ஸ்டெல்லா எழும்பினாள். “அன்பு மட்டும் காணாது சிஸ்டர். பிள்ளைக்கு ஒரு கோப்பை, கை கழுவ ஒரு பேசின் எண்டாலும் வேணும்.” சிஸ்டர் சிரித்தார். கோப்பையும் பேசினும் கடைசிவரை வரவில்லை. அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்தாள்.

கற்பித்தல் பயிற்சிக்கு ஆளுக்கொரு பிள்ளை தந்தார்கள். பிள்ளைக்கு ஓர் இலக்கு எழுதி, மூன்று மாதத்தில் அதை அடைந்ததாகப் பரீட்சகருக்குக் காட்ட வேண்டும். இதற்கு ஒரு வழி எங்களுக்கு முன் படித்தவர்கள் சொல்லித்தந்திருந்தார்கள்: பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததையே இலக்காக எழுதுவது. என் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட நன்றாகத் தெரியும். முதல் வாரங்களில் தெரியவில்லை என்று எழுதி, கடைசி வாரத்தில் பழகிவிட்டாள் என்று முடித்தேன். வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம், ஒருத்தியைத் தவிர.

ஸ்டெல்லாவுக்குக் கிடைத்தவள் சுகி. எட்டு வயது, வளர்ச்சி பிந்திய பிள்ளை, இரண்டொரு சொல்தான் பேசுவாள். தாயைக் கடல் கொண்டுபோய்விட்டது. களுதாவளைப் பக்கம் ஒரு முகாமில் தகப்பனோடு இருந்தாள். தண்ணீரைக் கண்டால் கத்துவாள். அவளுக்கு ஸ்டெல்லா எழுதிய இலக்கு, சாப்பிட முன் கை கழுவுதல். வேறு ஏதாவது எழுது என்று நான் மன்றாடினேன்.

“அவளுக்கு வேண்டியது இதுதானேகா. மத்ததெல்லாம் நமக்கு வேண்டியது” என்றாள்.

பரீட்சகர் வந்த அன்று சுகி பேசினுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றாள். பிறகு ஓடிப்போய் மேசைக்கடியில் இருந்துகொண்டாள். முதல் மாதம் அறைக்குள்ளேயே வராத பிள்ளை அவள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் படிவத்தில் இடமில்லை. பரீட்சகர் கெட்ட மனிதரல்ல. ஒரு தரமாவது நனைத்திருப்பாள்தானே, எழுதுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன் என்று அவரே இறங்கி வந்தார்.

“நனைக்கல்ல சேர்” என்றாள் ஸ்டெல்லா. “நனைச்சாள் எண்டு நான் எழுதினா, அடுத்து வாற டீச்சர் அத நம்பி இவள்ற கையப் பிடிச்சு வாளிக்குள்ள அமுக்குவா.”

பெயில். அந்த முறை எங்கள் பக்கத்துக்கு ஒரேயொரு அரசாங்க ஆசிரியர் நியமனம்தான் இருந்தது. எழுத்துப் பரீட்சையில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. அவள் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதால் நியமனக் கடிதம் எனக்கு வந்தது.

மறுபடி பரீட்சை எழுதலாம் என்றார்கள். அதற்குள் சண்டை மூண்டது. படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனங்கள் வகுப்பறைகளில் படுத்திருந்தார்கள், பரீட்சை தள்ளித் தள்ளிப் போனது. அவள் கையில் டிப்ளோமா கிடைத்தபோது யுத்தமும் முடிந்திருந்தது, நியமனத்துக்கான வயதெல்லையும் முடிந்திருந்தது. சாகும்வரை நிரந்தரச் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகவே இருந்தாள். நியமனம் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்து அவள் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

பெயிலான பிறகும் அவள் சுகியை விடவில்லை. பழக்கத் தொடங்கி எட்டாவது மாதத்தில் சுகி தானாகவே பேசினுக்குள் கையை வைத்தாள். பஸ் தரிப்பிடத்தில் ஸ்டெல்லா ஓடிவந்து இதைச் சொன்னபோது, “இத அப்பவே எழுதியிருந்தா என்னகா?” என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அப்படிக் கேட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

அடக்கத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். இவ்வளவையும் சொல்லத்தான் எழும்பினேன். அவளுடைய தம்பியின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பொறுமையான பிள்ளை என்று நானும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

அவளிடமிருந்து என்ன வைத்திருக்கிறேன் என்று சொல்லி முடிப்பது வழக்கம். அவளுடைய நேர்மையை வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான். போன கிழமையும் ஒரு பிள்ளையின் படிவத்தைப் பழைய வழியிலேயே நிரப்பிக் கொடுத்தவள் நான். என்னிடம் இருப்பது அவளுடைய வேலை. ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் அதற்குத்தான் கையெழுத்து வைக்கிறேன்.