கேமராவுக்கும் சனிக்கிழமை எண்ணெய்

என் மனைவியின் காதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. அதை எழுதப் போனால் என் அசட்டுத்தனத்தையும் எழுதியாக வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டே வந்தேன்.

அப்போது நாங்கள் பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். நான் அரசாங்க குமாஸ்தா. அவள் எங்கள் மாதா கோவிலில் பாடகர் குழுவை நடத்திவந்தாள். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, மடக்கினால் கோட்டுப் பையில் அடங்கும் கேமரா ஒன்றை எடுத்தேன். ஒரு சுருள் ஃபிலிமில் எட்டுப் படம் பிடிக்கும்.

வாங்கியதற்குக் காரணம் என் மைத்துனி. அவள் கன்னியாஸ்திரீ மடத்தில் சேரவிருந்தாள். உள்ளே போய்விட்டால் வீட்டுக்கு வருவது அரிது, படம் எடுத்துக்கொள்ள அனுமதியே இல்லை. தாயில்லாத அவளை வளர்த்தது என் மனைவிதான். ஸ்டூடியோவுக்கு அழைத்தோம், வர மறுத்துவிட்டாள். "மடத்துக்குப் போறவளுக்கு ஜோடனை எதுக்கு? வீட்ல மாமா எடுத்தா எடுக்கட்டும். அதுவும் ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

"அவ முகம் எனக்கு வேணுங்க." மனைவி என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஒத்திகையாக அல்சூர் ஏரியை எடுத்தேன். கடைக்காரர் கழுவிய நெகடிவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வெளிச்சம் ஜாஸ்தி சார். பூரா கறுப்பு." அச்சுப் போட்டால் ஏரி, வானம், கோபுரம் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரே வெள்ளை. கேமராவின் மடிப்புத் தோல் துருத்தியில் ஓட்டை என்று முடிவுகட்டி, இருட்டறையில் விளக்கு வைத்துத் தேடினேன். ஓட்டை இல்லை. இருந்தாலும் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். இரண்டாவது சுருள் இன்னும் மோசம். ஃபிலிம் பழசு என்றேன், பெங்களூர் வெயிலைத் திட்டினேன். மூன்றாவது சுருளில் எதுவுமே தெரியவில்லை. மைத்துனிக்குத் திங்கட்கிழமை காலை ரயில். நான் தோற்று உட்கார்ந்தது சனிக்கிழமை மத்தியானம்.

சாப்பாட்டு மேஜையில் ஃபிலிம் இல்லாத கேமராவின் விசையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே அவள் மறுநாள் பாட்டுகளை எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "அதை மறுபடி அடிங்க" என்றாள். அடித்தேன்.

"இப்ப என்ன வச்சீங்க?"

"நூறு. ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்கு."

"அதுக்கு முன்னாடி?"

"இருபத்தஞ்சு."

"ரெண்டும் ஒரே நீளமாத்தான் கேக்குது. நம்ம பாட்டுக் குழுவுல கடைசி பெஞ்சுக்காரங்க மாதிரி, திறக்குது, ஆனா நேரத்துக்கு முடிக்க மாட்டேங்குது." கேமராவை வாங்கி முகர்ந்தாள். "இதுக்கு எண்ணெய் விட்டீங்களா?"

விட்டிருந்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் கதவுக் கீல், பூட்டு, அவளுடைய தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு விட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். வந்த நாளிலிருந்து கேமராவின் லென்ஸைத் திறந்து மூடும் ஷட்டர் கதவுக்கும் அந்த மரியாதை கிடைத்துவந்தது. மெல்லிய தகடுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் வெயிலை உள்ளே விட்டிருக்கின்றன. அன்று காலையும் ஒரு சொட்டு விட்டிருந்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பெட்ரோல் விட்டுக் கழுவட்டுமா என்றேன். இனி நீங்கள் எதையும் விட வேண்டாம் என்று கேமராவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"விரல் வச்சிருக்கற வரைக்கும் திறந்திருக்கற மாதிரி இதுல ஏதாவது உண்டா?"

"உண்டு."

"அப்ப ரெண்டு செகண்டு திறந்து வைங்க. கடைசியில மூடறப்ப அது துளி இழுத்தா யாருக்குத் தெரியப்போவுது?"

கேமராக் கையேட்டை மூன்று தடவை படித்தவன் நான். எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவையும் படிக்காதவளுக்குத் தோன்றியது. லென்ஸ் துவாரத்தை ஆகச் சிறியதாக்கி, ஆளை நிழலில் நிறுத்தினால் இரண்டு வினாடி சரிவரும் என்று கையேட்டிலேயே அட்டவணை இருந்தது. அன்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். சிரிப்பாளே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வராந்தா நிழலில் மைத்துனியை நிறுத்தி, ஆர்மோனியப் பெட்டியின் மேல் கேமராவை வைத்தேன். இரண்டு வினாடி ஆடாமல் நிற்பாளா என்பதுதான் என் கவலை. மனைவி என் பக்கத்தில் வந்து நின்று, பாட்டு தொடங்குமுன் உயர்த்துவதுபோல் கையை உயர்த்தினாள். தங்கை மூச்சை இழுத்து நின்றாள். கை இறங்கியதும் அழுத்தினேன். இரண்டாவது தாளம் முடிந்ததும் விட்டேன்.

ரயில் போன மூன்றாம் நாள் படம் வந்தது. "யார் சார் எடுத்தது?" என்று கடைக்காரர் கேட்டார். என் மனைவி என்றேன். அவர் நம்பவில்லை.

புருவத்தின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. ஆனால் பார்வை கேமராமேல் இல்லை, சற்றுத் தள்ளி இருந்தது. கெடுத்துவிட்டேனே என்று பயந்துகொண்டே மனைவியிடம் நீட்டினேன். எட்டு வயதிலிருந்து அவள் குழுவில் நின்று, அவள் கையையே பார்த்துப் பாடியவள் அந்தத் தங்கை.

"என்னைத்தாங்க பாக்கறா" என்று சொல்லி மனைவி அழுதாள்.

படத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டேன்.

"என் கண்ணு மட்டத்துல" என்றாள்.